பழைய டில்லருக்குச் சாமான் எங்கே கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மானிய விலையில் பவர் டில்லர் (பின்னால் நடந்து ஓட்டும் சிறிய உழவு இயந்திரம்) கொடுத்த விழாப் படம் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. பார்த்ததும் சந்தோஷம்தான். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று மானியம் இருப்பதால்தான் எங்கள் பக்கம் பலரால் டில்லர் வாங்க முடிந்திருக்கிறது. அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் மாலை போட்டு வரிசையாக நின்ற அந்த வண்டிகளைப் பார்த்தபோது, பத்து வருடம் கழித்து இதில் ஒரு கியர் தேய்ந்தால் இவர்கள் எந்தக் கடையில் போய் நிற்பார்கள் என்ற நினைப்புதான் வந்தது. ஏனென்றால் நான் போன வருடம் முதல் போகம் முழுக்க அப்படித்தான் நின்றேன்.

எனக்கு ஊர் வாடிப்பட்டிக்குப் பக்கம். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் இருபோகம் நெல், மேட்டில் கொஞ்சம் வாழை, தென்னை. எங்கள் டில்லர் அப்பா 1998இல் பேங்க் லோன் போட்டு வாங்கியது, 12 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின், ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இரண்டு தடவை லைனர், பிஸ்டன் மாற்றியிருக்கிறோம், மற்றபடி என்ஜின் இன்றைக்கும் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும்.

டிராக்டரைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே, எதற்கு இந்தப் பழைய வண்டியோடு மல்லுக்கட்டுகிறாய் என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். எங்கள் வயலைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். 15 செண்ட், 20 செண்ட் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது, நடுவில் வரப்பு, ஒரு வயலைத் தாண்டித்தான் இன்னொரு வயலுக்கு வண்டி போக முடியும். டிராக்டர் திரும்புவதற்கே பாதி வயல் வேண்டும், நாலு மூலையும் உழாமல் கிடக்கும், அப்புறம் மண்வெட்டியோடு நாம்தான் இறங்க வேண்டும். தொளி அடிக்கும்போது, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழும்போது, சில வயலில் டிராக்டர் இறங்கிவிட்டால் அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வர வேண்டும். டில்லர் இரண்டடி அகலத்தில் ஓடும், கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டினால் எந்தச் சேற்றிலும் ஏறி வந்துவிடும், வாழை இடைவெளியிலும் நுழையும். அதே சமயம் இது லேசான வேலை இல்லை. 60 செண்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஏக்கரை ஒரே ஒரு தடவை அடித்து முடிக்க ஆறரை கிலோமீட்டருக்கு மேல் பின்னாலேயே நடக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பிடி அதிர்வில் சாயங்காலம் சோற்றைப் பிசையும்போது விரல் மரத்துப்போயிருக்கும். அப்பா 15 வருடம் அப்படி நடந்தவர். அந்த வண்டியை இரும்புக் கடைக்குப் போடுங்கள் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

போன வருடம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த வாரம் இடது பக்கம் திருப்பும் கிளட்ச் வேலை செய்யவில்லை. லிவரைப் பிடித்தால் வண்டி திரும்பாது, விட்டால் டக் டக் என்று சத்தம். கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கிளட்ச் கியரின் பற்கள் மழுங்கிப்போயிருந்தன. மெக்கானிக் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது இனிமே வராதுண்ணே" என்றார்.

வண்டி வாங்கிய அதே டீலரிடம் முதலில் போனேன். பெயர் வேண்டாம். அந்த மாடல் நின்று பல வருடம் ஆச்சு, சாமான் வருவதில்லை, புதுசு எடுங்கள், மானியம் இருக்கிறது, நாங்களே எழுதித் தருகிறோம் என்றார்கள். பாக நம்பராவது கொடுங்கள், வேறு எங்காவது தேடுகிறேன் என்றேன். புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினேன், அப்புறம் திண்டுக்கல், தேனி. பக்கத்து வயல்களில் நாற்று நடும்போது என் வயலில் களைதான் நின்றது. கடைசியில் வாடகை டில்லர் வைத்து, அதுவும் நாலு நாள் காத்திருந்து, தொளி அடித்தேன்.

அந்த அலைச்சலில் நான் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் எழுதுகிறேன், பழைய டில்லர் வைத்திருக்கிற யாருக்காவது உதவும். டீலர் "வராது" என்று சொல்லும் சாமானில் நிறைய, டில்லர் சாமானே இல்லை. பேரிங்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் நம்பர் இருக்கும். 6205, 6206 என்று. இது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமான நம்பர் கிடையாது, உலகம் முழுக்க ஒரே அளவு. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள் துவாரத்தின் அளவு மில்லிமீட்டரில் வந்துவிடும், 6205 என்றால் 25, 6206 என்றால் 30. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். எண்ணெய் கசியாமல் ஷாஃப்டைச் சுற்றிப் பிடிக்கும் ஆயில் சீலும் அப்படித்தான். அதன் மேல் மூன்று எண் இருக்கும்: ஷாஃப்ட் அளவு, வெளி அளவு, தடிமன். வி பெல்ட்டில் பி என்று போட்டு ஒரு எண் இருந்தால் அது உள்சுற்று நீளம் அங்குலத்தில். ஒன்று அறுந்தால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும், புதுசும் பழசும் கலந்து போட்டால் இழுவை முழுக்கப் புதுசின் மேல் விழுந்து அதுவும் சீக்கிரம் போய்விடும். இந்த எண்களை எல்லாம் நான் இப்போது ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், வண்டியைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் சேர்த்து எழுதுகிறேன்.

சீன என்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 195 என்றால் ஒரு சிலிண்டர், அதன் உள் விட்டம் (போர்) 95 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 180 என்றால் 80 மில்லிமீட்டர். டில்லரின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் என்ஜின் அந்த வகைதானா என்று பாருங்கள், ஆமாம் என்றால் பிஸ்டன், ரிங், லைனரைப் பெயரை வைத்துத் தேடாமல் என்ஜின் நம்பரை வைத்துத் தேடலாம். அப்புறம், கரும்புகை கக்குகிறது, இழுவை இல்லை என்றால் உடனே பிஸ்டனைக் கழற்ற விடாதீர்கள். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அடுத்து டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் பார்க்கும் பட்டறையில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். நாசில் மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு என்ஜினையே இறக்கிப் பணத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிளேடு விஷயத்திலும் கவனம் வேண்டும். விலை குறைவு என்று ஒரு தடவை ஒரு செட் வாங்கினேன், ஒரு போகம் கூடத் தாங்கவில்லை, நுனி கரைந்து கத்தி குச்சியாகிவிட்டது. இப்போது வாங்கும் முன் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறேன். நல்ல பதம் ஏற்றிய, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய, இரும்பில் அரம் வழுக்கும், பதம் இல்லாததில் கடிக்கும். தொளி வேலை முடிந்ததும் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பிளேடு சுழலும் ரோட்டரி ஷாஃப்டில் வைக்கோல் சுற்றிச் சுற்றி ஆயில் சீலைக் கிழித்துவிடும், அந்த வழியாகத்தான் போகும். ஒரு சீலின் விலைக்காக முழு கியர் பாக்ஸும் போவது இப்படித்தான். என் கியர் போனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், இரண்டு வருடம் அந்த எண்ணெயை நான் பார்க்கவே இல்லை.

சரி, என் கியர் கதைக்கு வருகிறேன். பேரிங் மாதிரி அது கடையில் கிடைக்கிற சாமான் இல்லை, கம்பெனிதான் செய்ய வேண்டும். கிடைக்கவில்லை என்றதும் ஒரு லேத் பட்டறையில் பழையதைக் காட்டி அதே மாதிரி வெட்டித்தரச் சொன்னேன். அளவெல்லாம் சுத்தமாக வந்தது, ஆனால் பல்லுக்குச் சரியாகப் பதம் ஏற்றவில்லை, இரண்டாம் போகம் முடிவதற்குள் மறுபடி மழுங்கிவிட்டது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஒரு கியருக்காக யாரும் உலை மூட்ட மாட்டார்கள். "பத்துப் பேர் சேர்ந்து வாங்கண்ணே, கோயம்புத்தூர்ல கொடுத்து ஒழுங்காப் பதம் ஏத்தி வாங்கித் தர்றேன், விலையும் பாதியாகும்" என்றார். அந்தப் பத்துப் பேரை எங்கே பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் திருமங்கலம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் இதே மாடல் ஒன்று என்ஜின் இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. கடைக்கார அண்ணன் எடைக்கு விலை போட்டார், அங்கேயே உட்கார்ந்து பிரித்து இடது பக்கக் கியரை எடுத்து வந்தேன். இப்போது ஓடுகிறது.

எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது, ஒரு செத்த வண்டி கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்குமா? அரசாங்கம் நம் வரிப்பணத்தில் பாதி விலை கொடுத்து ஒரு வண்டியை விற்க உதவுகிறது என்றால், அந்த வண்டிக்கு 15 வருடமாவது சாமான் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுக்கிற கம்பெனிக்கு மட்டும்தான் மானியப் பட்டியலில் இடம் என்று ஏன் ஒரு நிபந்தனை போடக் கூடாது? பாக நம்பர் படத்தோடு உள்ள புத்தகத்தைத் தமிழில் அச்சடித்து வண்டியோடு கொடுக்கச் சொல்ல வேண்டும், தமிழக அரசின் உழவன் செயலியிலும் போடலாம், இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்யும் வசதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை, பொருளைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக ஒரு குழு போட்டபோது செல்போன், கார், வீட்டுச் சாதனங்களோடு விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. செய்தியைப் படித்தபோது அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது. ஆனால் வாடிப்பட்டியில் ஒரு கியர் தேடும் எனக்கு அதனால் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

2020 ஜூலையில் பவர் டில்லரையும் அதன் என்ஜின், டிரான்ஸ்மிஷன் போன்ற பாகங்களையும் வெளிநாட்டிலிருந்து தாராளமாக இறக்குமதி செய்ய முடியாதபடி கட்டுப்பாடு போட்டார்கள். உள்நாட்டில் செய்கிறவர்கள் வளர வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். கேரளத்தில் அத்தாணியில் அரசு நிறுவனமே டில்லர் செய்கிறது, கர்நாடகத்தில் செய்கிறார்கள், நம் ஊரிலும் செய்யட்டும். ஆனால் அதற்கு முன்பே இறக்குமதி வண்டியை வாங்கிவிட்ட விவசாயியின் சாமானுக்கு என்ன வழி என்பதையும் அதே உத்தரவு போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

வேளாண் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த மாடல் டில்லர் எத்தனை இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். அது இருந்தால் லேத் பட்டறைக்காரர் கேட்ட அந்தப் பத்துப் பேர் கிடைத்துவிடுவார்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலமாக மொத்தமாக ஆர்டர் கொடுத்து நல்ல பதத்தில் கியர் வெட்டி வாங்க முடியும். ஓடாத பழைய டில்லரைக் கொல்லையில் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், எடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். உங்களுக்குக் கிலோக் கணக்கு, இன்னொருவருக்கு ஒரு போகம்.

என் வண்டியில் வலது பக்கக் கியரும் தேய ஆரம்பித்துவிட்டது. இரும்புக் கடை வண்டியில் அந்தப் பக்கம் ஏற்கெனவே உடைந்திருந்ததால் அதை எடுக்க முடியவில்லை. அடுத்த தண்ணீர் திறப்பதற்குள் எப்படியாவது ஒன்று பிடித்துவிட வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வாடிப்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்.