முதலில் ரோனரைத் தேடு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கொழும்பு வேலையை விட்டுவிட்டுத் தைப்பொங்கலுக்கு முதலே ஊரோடு வந்துவிடப் போகிறாய் என்று வாசித்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். மனுசிக்கும் சொன்னேன். "அண்ணாவுக்கு இனியாவது நல்ல ஒடியல் கூழ் கிடைக்கும்" என்கிறாள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் உளைவு மட்டும் விட்டபாடில்லை. மாரி தொடங்கினால் கூடும். பெரியவள் ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எப்போது வரும் என்று காத்திருக்கிறாள். பின்வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்தக் கோடையில் நன்றாகக் காய்த்தது. நீ அடுத்த கோடைக்கு இங்கேயே இருப்பாய் என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பருத்தித்துறை வீட்டின் முன்னறையை அலுவலகமாக்கி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பை முழுநேரமாகச் செய்யப் போகிறாய். கறுப்பு வெள்ளை லேசர் பிறின்டர் ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடங்களுக்கும் ரியூசன் வாத்திமாருக்கும் வினாத்தாள் அடித்துக் கொடுத்தே காலம் போகிற எனக்கு இது ஆசையாகக் கதைக்கிற விஷயம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறின்டரைத் தேடாதே, ரோனரைத் தேடு, அதாவது மைக்குப் பதிலாக லேசர் பிறின்டர் பாவிக்கிற கறுப்புத் தூளை. எல்லோரும் கடைக்குப் போய்ப் பெட்டியின் விலையைக் கேட்கிறார்கள். அந்த விலையை ஒருமுறைதான் கொடுக்கப் போகிறாய். ரோனருக்கு ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். ஆகவே யாழ்ப்பாணம் ரவுணில் எந்த ரோனர் எந்த நாளும் கிடைக்கிறது, எதைத் திரும்ப நிரப்பித் தருகிறார்கள், எந்த மெஷினைத் திருத்த ஆள் இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற பிறின்டரை வாங்கு. கொழும்பில் மலிவாகக் கண்டேன் என்று ஒன்றை வாங்கி வந்து, அதன் ரோனருக்காக ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் பார்சல் எதிர்பார்த்து இருக்கக் கூடாது. நாளைக்கு விசா நேர்முகம் என்று ஒருவர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு வாசலில் நிற்கும்போது ரோனர் முடிந்தால் என்ன செய்வாய்?

பழைய ஹெச்.பி. 1020, கனன் 2900 இரண்டையும் நீ எத்தனையோ கந்தோர்களில் பார்த்திருப்பாய். ஒன்றுக்கு 12ஏ, மற்றதற்கு 303 காட்ரிஜ், அதாவது ரோனர் அடைத்த கூடு. பெயர்தான் வேறு, உள்ளே கிட்டத்தட்ட ஒரே சாமான். ஹெச்.பி. 1984இல் தன் முதல் லேசர்ஜெட்டை விற்கத் தொடங்கியபோதே அதன் உள் இயந்திரம் கனனுடையது. அந்த உறவு இன்றும் தொடர்கிறது. அதே மாதிரி ஹெச்.பி. பி1102க்கு 85ஏ, கனன் 6030க்கும் எம்.எஃப். 3010க்கும் 325. இந்த இரண்டு குடும்பங்களும் இவ்வளவு காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அச்சின் அழகில்லை. ரோனர் தூளும் நிரப்பத் தெரிந்த கைகளும் தாராளமாகக் கிடைப்பதுதான்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனி. இந்த ஹெச்.பி., கனன் காட்ரிஜ்களில், தூளைத் தாளில் பதிக்கிற உருளையான ட்ரம்மும் ரோனரும் ஒன்றாகவே இருக்கும். மாற்றினால் எல்லாமே புதிது. ஆனால் நிரப்பி நிரப்பிப் பாவித்தால் ட்ரம் தேய்ந்து, பக்கத்தில் கோடு விழத் தொடங்கும். பிரதர் மெஷின்களில் ட்ரம் தனி, ரோனர் தனி. ட்ரம் ஏறத்தாழ 12,000 பக்கம் வரை தாங்கும், ரோனரை மட்டும் அடிக்கடி மாற்றுவாய். கன பக்கம் அடிக்கிறவனுக்கு இதுதான் லாபம். நிரப்பும்போது சில மொடல்களில் ஒரு சின்னப் பல்சக்கரத்தை ஆரம்ப நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும், புதியவை சிலவற்றில் சிப் இருக்கும். வாங்க முதல் நிரப்புகிற பெடியனிடமே கேள். கடைக்காரரை விட அவனுக்கு விஷயம் தெரியும்.

காட்ரிஜ் பெட்டியில் 1,600 பக்கம், 2,000 பக்கம் என்று போட்டிருப்பது ஒரு சர்வதேச அளவுகோலின்படி, அதாவது ஐ.எஸ்.ஓ. 19752இன்படி, குறித்த ஒரு மாதிரிப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்த கணக்கு. தாளில் 5 வீதம் அளவுக்குக் கறுப்புப் படிகிற சாதாரணக் கடிதம் என்று நினைத்துக்கொள். உன்னுடைய மொழிபெயர்ப்புகளில் கட்டங்கள், அட்டவணைகள், தடித்த தலைப்புகள் இருக்கும், ஆகவே அதை விடக் குறையும். மெஷினோடு வருகிற முதல் காட்ரிஜும் முழுசாக இருக்காது. பி1102 போன்றதில் அது ஏறத்தாழ 700 பக்கத்துக்குத்தான் வரும். கடையில் இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது ரோனர் விலையைப் பக்கத்தால் பிரித்துப் பார். 6,000 ரூபாய் ரோனர் 1,500 பக்கம் தந்தால் பக்கத்துக்கு 4 ரூபாய். 9,000 ரூபாய் ரோனர் 3,000 பக்கம் தந்தால் 3 ரூபாய்தான்.

டாங்கியில் மை ஊற்றுகிற இங்ஜெட் இதை விட மலிவு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். பக்கக் கணக்கில் அது சரி. படம், கலர் என்று நாள்தோறும் அடிக்கிறவர்களுக்கு அதைத்தான் நானும் சொல்லுவேன். உன் வேலை அப்படியில்லை. ஒரு கிழமை வாசலில் வரிசை நிற்கும், அடுத்த கிழமை ஒருவரும் வரமாட்டார்கள். மை சும்மா இருந்தால் ஊசித்துளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ரோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள், அதில் காய ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் மூடி வைத்துவிட்டு அடித்தாலும் முதல் பக்கமே கறுப்பாக வரும். அந்தத் தூளை ஏறத்தாழ 200 பாகை சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டுகிறார்கள் என்பதால் ஈரக்கை பட்டாலும் எழுத்து கரையாது. சாதாரண இங்ஜெட் மையில் ஒரு துளி மழை பட்டாலே போதும். உன் கையெழுத்தும் முத்திரையும் விழுகிற தாள் தூதரகம் வரை போகிற தாள், மச்சான். அதில் ஒரு பெயரும் கலங்கக் கூடாது.

பெயர் என்று சொன்னதும் இதை எழுதாமல் விட முடியாது. தமிழில் புள்ளி போனால் ஆளே மாறிப்போவார். ரோனர் மிச்சம் பிடிக்கிற அமைப்பில் 9 பொயின்ட் அளவு எழுத்தில் அடித்துப் பார், மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போய் 'க்' எல்லாம் 'க' மாதிரித் தெரியும். சிங்கள எழுத்தின் சுழிகளுக்குள்ளும் கறுப்பு அடைத்துக்கொள்ளலாம். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி, அதாவது 600 டி.பி.ஐ., உனக்குத் தாராளமாகப் போதும், ஆனால் அது உண்மையான 600 தானா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகவே கடைக்குப் போகும்போது பென்டிரைவில் ஒரு பி.டி.எஃப். கொண்டு போ. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர்கள், 9, 10 பொயின்ட் அளவுகளில். மெல்லிய கோடு போட்ட ஓர் அட்டவணை. முழுக் கறுப்புப் பெட்டி ஒன்று. அதை அடித்துத் தரச் சொல். வேர்ட் கோப்பாகக் கொண்டு போகாதே, பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் உன் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு புள்ளியையும் பார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

எழுத்துத் தெளிவில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று உனக்குத் தெரியும். ஜாம்போத்தல் விளக்கில் ஒருவன் வாசிக்க மற்றவன் கொப்பியில் எழுதிப் படித்த ஆட்கள் நாங்கள். பள்ளிக்கூட ரோனியோ என்ற படியெடுக்கிற மெஷினில் வந்த வினாத்தாளில் ஓர் எண் தெரியாமல் போய், அந்தக் கணக்கை விட்டுவிட்டு எழும்பிய பிள்ளைகள் எத்தனை பேர்! இன்றைக்குக் கோண்டாவிலில் என் மேசையிலிருந்து போகிற ஒரு தாளிலும் எந்தப் பிள்ளையும் இது என்ன எழுத்து என்று கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் வேலை செய்கிறேன்.

அடுத்தது கரண்ட். லேசர் பிறின்டர் சூடேறும்போது ஒரு கணத்தில் 1000 வாட் அளவுக்கும் இழுக்கும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்க வீட்டில் கணினிக்கு வைத்திருக்கிற 650 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 400 வாட்டுக்கும் கீழேதான் தரும். அதில் கொழுவினால் யு.பி.எஸ். கூவிக்கொண்டு நிற்கும், கணினியும் சேர்ந்து அணைந்துவிடும். கணினி யு.பி.எஸ்.ஸில், பிறின்டர் நேரே சுவரில், இதை மாற்றாதே. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததே, அதற்குப் பிறகு கன பேர் சோலர் போட்டுவிட்டார்கள். நீயும் பட்டரியோடு போடுவதாக இருந்தால், இன்வேட்டரின் அளவைக் குறிக்க முதல் பிறின்டரையும் கணக்கில் சேர்க்கச் சொல். இடி முழங்கினால் செருகியைக் கழற்றிவிடு. ஐப்பசி, கார்த்திகையில் பருத்தித்துறை மின்னல் எப்படி என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கனடாவில் இருக்கிற தங்கச்சி ஒரு பிறின்டரை அனுப்பி வைக்கிறேன் என்றாளாம். பாவம், அன்பாகத்தான் கேட்டிருக்கிறாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லு. அங்கே 120 வோல்ட், இங்கே 230. மடிக்கணினிச் சார்ஜர் இரண்டுக்கும் ஒத்துப்போகும், பிறின்டர் அப்படியில்லை, லேசரின் சூட்டு உருளை மின்சாரத்தை நேரடியாகவே எடுக்கும், இங்கே கொழுவினால் எரிந்துவிடும். லண்டனில் இருந்து வந்தால் வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனாலும் சில கம்பனிகள் தங்கள் காட்ரிஜை நாட்டுப் பிராந்தியப்படி பூட்டி வைத்திருக்கின்றன, ஐரோப்பிய மெஷின் இங்கத்தைய காட்ரிஜை ஏற்காமல் போகலாம். இன்னொன்று, ஹெச்.பி.யில் மொடல் பெயர் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் அதில் ஹெச்.பி. பிளஸ் என்ற ஏற்பாடு உண்டு. அதற்குள் போனால் எப்போதும் இணையமும் கம்பனியின் சொந்தக் காட்ரிஜும் வேண்டும், நிரப்பிப் பாவிக்க விடாது. உன் வீட்டு மெஷின் அடிக்கலாமா வேண்டாமா என்று வெளியில் யாரோ தீர்மானிக்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

தூசியும் ஈரமும் எங்கள் ஊரின் இரண்டு எதிரிகள். எங்கள் பக்கம் கோடையில் செம்மண் புழுதி, உன் பக்கம் கடற்காற்று. 1020, 2900, பி1102 எல்லாம் தாளைத் திறந்த தட்டில் வைக்கிற மெஷின்கள், புழுதி நேரே உள்ளே போகும். 250 தாள் பிடிக்கிற மூடிய தட்டுள்ளது நல்லது. மாரியில் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும், இரண்டிரண்டாகப் போகும், இடையில் சிக்கும். கட்டைப் பிரித்தால் மிச்சத்தை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வை. பாவிக்காத நேரம் மெஷினுக்கு மேலே ஒரு துணி போடு, பல்லி முட்டையிட அதை விட நல்ல இடம் கிடையாது. ரோனர் தூள் கொட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவு. சுடுதண்ணீர் பட்டால் உருகி ஒட்டிவிடும்.

இனி உனக்கென்று பார்த்தால், வெறும் பிறின்டர் போதாது. ஸ்கேனும் போட்டோக்கொப்பியும் சேர்ந்த மெஷின் வாங்கு. அச்சு கறுப்பு வெள்ளையானாலும் ஸ்கேன் கலரில் வரும், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப அது வேண்டும். கண்ணாடி ஏ4 அளவுதான் இருக்கும். காணி உறுதிகள் அதை விட நீளம். மேலே தாளைத் தானாக இழுக்கிற அமைப்பு இருந்தால் நீளத் தாள் போகும், ஆனால் மடிப்பில் கிழிந்த பழைய உறுதியை அதற்குள் ஒருபோதும் விடாதே, நார் நாராக வரும். கண்ணாடியில் இரண்டு தரமாக எடுத்து ஒட்டிக்கொள்.

காசு இடம் கொடுத்தால், ட்ரம் தனியான, இரண்டு பக்கமும் தானாக அடிக்கிற, மூடிய தட்டுள்ள பிரதர் வகை ஒன்றைத்தான் எடுக்கச் சொல்லுவேன். மொடல் பெயரில் 'டி' இருந்தால் இருபக்க அச்சு, 'டபிள்யூ' இருந்தால் வைஃபை. கொஞ்சம் இறுக்கம் என்றால் கனன் எம்.எஃப். 3010 உன்னை ஏமாற்றாது. இருபக்கமும் கிடையாது, வைஃபையும் கிடையாது, தட்டும் திறந்ததுதான், ஆனால் ரோனர் எங்கும் கிடைக்கும். வைஃபைக்காக மட்டும் அதிகம் கொடுக்காதே. உங்கள் பழைய வீட்டுச் சுண்ணாம்புக்கல் சுவரைத் தாண்டி சிக்னல் வருவதே சந்தேகம், யு.எஸ்.பி. வயர் என்றைக்கும் கைவிடாது.

கொழும்பில் எதையாவது பார்த்தால் காசு கொடுக்க முதல் மொடல் இலக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. நான் ரவுணில் ஸ்ரான்லி வீதிப் பக்கம் போய் அதன் ரோனர் இருக்கிறதா, நிரப்புவார்களா என்று கேட்டுச் சொல்லுகிறேன். மேசையும் வேண்டும் உனக்கு. முன்னறை யன்னலுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட அகலத்தை வீட்டில் யாரையும் கொண்டு அளப்பித்து அனுப்பு, இங்கே தச்சனிடம் இப்போதே சொல்லி வைத்தால்தான் தைக்கு முதல் முடிப்பார். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் கோண்டாவில் நண்பன்