மார்க்கை மட்டும் நம்பாதே, பாப்பா

அன்புள்ள பாப்பா,

எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் அடியைச் சீவி ஃபேஸிங் போட்டு வாங்கிவிட்டதாகவும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் புதிது என்றும் எழுதியிருந்தாய். "ஸ்ப்ராக்கெட் பல்சக்கரங்களில் மார்க்குக்கு மார்க் சேர்த்துச் செயினை மாட்டினால் போதும்தானே அப்பா?" என்று கேட்டிருந்தாய். போதாதம்மா. பழைய கேம், கைவைக்காத ஹெட் என்றால் நானும் சரி என்றிருப்பேன். ஃபேஸிங்கில் ஹெட்டின் உயரம் குறைந்ததால் கேம், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க்கை நெருங்கிவிட்டது. இழுக்கும் பக்கத்துச் செயினில் அந்த அளவு நீளம் மிச்சமாகும். அதைச் செயினை இறுக்கும் டென்ஷனர் மறுபக்கம் வாங்கிக்கொள்ளும்போது கேம் சற்றுப் பிந்திவிடும். வெறும் கண்ணுக்கு மார்க் சேர்ந்த மாதிரிதான் தெரியும்.

ஹெட்டை ஏற்றுமுன் ஒன்றாம் சிலிண்டரின் டாப்பை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடு. உச்சிக்கு அருகில் கிராங்க் சில டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் அசைவது தெரியாது, அதனால் கண்மதிப்பு உதவாது. கிராங்க் முனையில் டிகிரி வட்டை மாட்டு. பிளாக் மேல் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை முடுக்கி, பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே அதில் முட்டும்படி செய். ஒரு பக்கம் சுற்றி முட்டும் இடத்தைக் குறி, மறுபக்கம் சுற்றியும் குறி. இரண்டுக்கும் நட்டநடுதான் டாப். பிறகு கிராங்க்கை 90 டிகிரி பின்னால் திருப்பி வை. உன்னுடையது நாலு சிலிண்டர், நாலு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும். ஹெட்டை ஏற்றிக் கேமைத் திருப்பும்போது வால்வு எதிலும் இடிக்காது. கேமை அதன் மார்க்குக்குக் கொண்டுவந்த பிறகு கிராங்க்கை டாப்புக்குத் திருப்பி, செயினை மாட்டு.

அடுத்து, காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு. டென்ஷனர் செயினை இறுக்கிய பிறகுதான் அளக்க வேண்டும். நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை வைத்து, வால்வு முழுதாகத் திறக்கும் உச்சத்தைப் பார். அங்கும் முள் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அதனால் உச்சத்துக்கு 1 மி.மீ. கீழே, ஏறும்போது ஒரு டிகிரி, இறங்கும்போது ஒரு டிகிரி குறித்துக்கொள். டாப்புக்குப் பின் 74, 150 என்று வந்தால் நடு 112. கேமோடு வந்த அட்டையில் 108 என்றிருந்தால் கேம் 4 டிகிரி பிந்தியிருக்கிறது என்று பொருள். இது கிராங்க் கணக்கு, கேம் அதில் பாதிதான் சுற்றும். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 2 டிகிரி முந்தி வைத்தால் போதும். பல் மாற்றிச் சரிசெய்ய நினைக்காதே. 40 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கிராங்க்கில் 18 டிகிரி!

அளக்கும்போது எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்று. தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி வா. பின்னோக்கி வந்து நிறுத்தினால் செயின் தொய்வு கணக்கில் கலந்துவிடும். இந்த ஒன்றில் உன் அவசரம் வேண்டாம், கண்ணு.

எல்லாம் முடுக்கியபின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்கை ஸ்பேனரால் முழுதாக இரண்டு சுற்று சுற்று. அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடிக்கும். நடுவில் தடுத்தால் துளியும் அழுத்தாதே, வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று வைத்துக்கொள். செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இருந்தால் இப்போது அவை மார்க்கோடு சேராது. அதற்காகப் பயந்து பிரிக்க வேண்டாம், ஸ்ப்ராக்கெட் மார்க்குகள் சேர்ந்தால் சரி.

அதன்பின் இன்லெட்டை இன்னொரு முறை அள. ஏறும் டிகிரி, இறங்கும் டிகிரி, அட்டையில் போட்டிருப்பது, மூன்றையும் எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை வால்வு கவரை மூடாதே.

அன்புடன்,
அப்பா