அந்தச் சத்தம் கைப்பேசிக்குள் அடங்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர், பாட்டுக் கேட்பதற்காக மாநிலம் விட்டு மாநிலம் ரயிலேறிப் போகிறவர்களைக் கண்டித்து எழுதியிருந்தார். "கோல்ட்ப்ளே என்ற இங்கிலாந்து இசைக்குழு அகமதாபாத்தில் வாசித்தபோது கைப்பேசியிலேயே நேரலையாக வந்ததே, அப்புறம் எதற்கு இந்த அலைச்சல்?" என்பது அவர் கேள்வி. அப்படி அலைந்தவர்களில் நானும் ஒருவன். வயது 52. பதினேழு வயதில் மைக்செட் கட்ட ஆரம்பித்தேன், இன்றுவரை அதுதான் பிழைப்பு. சத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இங்கிலீஷ் பாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். 2003இல் புதிதாக இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கினேன். அப்போது ஒரு கல்லூரி விழாவில் மாணவர் ஒருவர் என் மேஜையில் விட்டுப்போன சி.டி. ஒன்று கையில் இருந்தது. கோல்ட்ப்ளேயின் இரண்டாவது ஆல்பம், 2002இல் வந்தது. யார் பாடுவது, என்ன சொல்கிறார்கள், எதுவும் அன்று எனக்குத் தெரியாது. அதில் ஒரு பாட்டு பியானோவில் தொடங்கும். விரல்கள் ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப இறங்கி வரும், பிறகு டிரம்ஸ் சேரும், அடியில் பேஸ் கிதார் வந்து உட்காரும். பியானோ கண்ணாடி மாதிரி வந்தால், மேல் சுரங்களைத் தரும் ட்வீட்டர் சரி. பேஸ் பிசிறாமல் வந்தால், அடிச் சத்தத்தைத் தரும் வூஃபர் சரி. அன்று முதல் எந்த வேலைக்குப் போனாலும் பாக்ஸை ஏற்றி இறக்கியதும் முதலில் போடுவது அந்தப் பாட்டுதான். கூட்டம் வருவதற்கு முன், காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்று அதை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேனோ!

என் மகள் வளர்ந்த பிறகுதான் அவர்கள் யாரென்று எனக்குச் சொன்னாள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படிக்கும்போது ஒன்றுசேர்ந்த நான்கு பேர். பியானோவும் பாட்டும் கிறிஸ் மார்ட்டின், கிதார் ஜானி பக்லேண்ட், பேஸ் கை பெரிமேன், டிரம்ஸ் வில் சாம்பியன். 2000இல் வந்த முதல் ஆல்பத்தில் இருந்த அதே நால்வர்தான் இன்றும் மேடையில் நிற்கிறார்கள். ஒரு கோஷ்டியை இத்தனை வருடம் பிரியாமல் கட்டிக்காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

போயே தீர வேண்டும் என்று முடிவு செய்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. மூன்று வருடமாக என் இடது காதில் ஓயாத இரைச்சல். காது எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்த காது டாக்டர், கோட்டைக் காட்டி விளக்கினார். 4000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 4000 அதிர்வுள்ள கூர்மையான சத்தத்துக்குப் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்தது போலக் கீழே இறங்கியிருந்தது. பல வருடம் சத்தத்தின் நடுவே நிற்பவர்களுக்கு முதலில் அந்த இடத்தில்தான் அடிபடுமாம், போனது திரும்பாதாம். நான் ஹார்ன் ஒலிபெருக்கிக்கு முன்னால் காதை நீட்டிச் சரிபார்த்த வருடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டைத் தட்டியதும் சன்னமாக நீண்டு கரையுமே, அந்த வால் எனக்கு இப்போதே பாதிதான் கேட்கிறது. கிறிஸ் மார்ட்டினுக்கும் நெடுநாளாகக் காதில் இரைச்சல் உண்டு, அதை அவரே வெளியில் சொல்லி, காதுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொண்டுதான் பாடுகிறார் என்று மகள் படித்துச் சொன்ன அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. அவர்களை நேரில் கேட்பதென்றால் இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

அக்கா மகனும் நானும் சென்னை சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். விஜயவாடா, வாரங்கல், வார்தா, புசாவல், சூரத், வடோதரா என்று முதல் நாள் காலை தொடங்கி மறுநாள் மாலைவரை ஓட்டம். எங்கள் பெட்டியில் மட்டும் அதே கச்சேரிக்கு ஒன்பது பேர். புசாவல் தாண்டியதும் ஒரு பையன் கிதாரை எடுத்தான். அதற்குள் யார் எந்தப் பாட்டுக்காக வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. அம்மா இறந்த வருடம் தன்னைத் தாங்கிய பாட்டு என்று ஒரு பெண் சொன்னாள். நான் என் பாக்ஸ் கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பியானோவை வாயாலேயே பாடிக் காட்டினார்கள்.

கஷ்டமும் இருந்தது. முன்பணம் வாங்கிய விடுதிக்காரர் கடைசி நேரத்தில் அறை இல்லை என்று கைவிரித்துவிட்டார். அன்று இரவு ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் மாற்றி மாற்றித் தூங்கினோம். இவ்வளவுதான் அலைச்சல்.

இனி வாசக அன்பரின் கேள்விக்கு வருகிறேன். 2025 ஜனவரி 26 அன்று அகமதாபாத்தின் மோட்டேரா பகுதியில் உள்ள நரேந்திர மோதி ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். எங்கள் இடம் மேல் அடுக்கில், மேடைக்கு எதிர்ப்புறம். பேஸ் கிதாரின் தடித்த கம்பியை மீட்டினால் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் கூடுதல். உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியின் ஸ்பீக்கரில் அது வரவே வராது. அதோடு சேர்ந்து எழும் மேல் சுரங்களை, அதன் நிழலைத்தான் நாம் கேட்டுக்கொள்கிறோம். ஹெட்போன் போட்டால் காதுக்குக் கேட்கும், உடம்புக்குக் கேட்காது. அங்கே முதல் பாட்டில் டிரம்ஸ் இறங்கியபோது என் சட்டைப் பொத்தான் நெஞ்சில் அதிர்ந்தது. முன்னிருக்கைக் கம்பியில் கை வைத்திருந்தேன், கம்பி வழியாக விரலுக்குத் தாளம் வந்தது.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு முனையில் பாடுவது மறுமுனைக்கு வர அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். நீளமான பந்தலில் முன்னால் ஒரு பாக்ஸ், பின்னால் ஒரு பாக்ஸ் வைத்துவிட்டு, பேச்சு "வணக்கம்... ணக்கம்" என்று இரண்டு தடவை விழுந்து நான் திட்டு வாங்கிய நாட்கள் உண்டு. அதைச் சரிக்கட்டத்தான் பின்னால் இருக்கும் பாக்ஸுக்கு டிலே வைப்பது, அதாவது அதன் சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக விடுவது. பாக்ஸுக்கு டிலே வைக்கலாம், ஜனங்களின் தொண்டைக்கு யார் வைப்பது? எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் வந்தது. மேடைப் பக்கத்தவர்கள் முதலில் எடுத்தார்கள், தரையில் நின்றவர்கள் அடுத்து, பிறகு நாங்கள். ஒரே வரி மைதானத்தைச் சுற்றி அலை போல உருண்டு வந்து எங்கள் மேல் ஏறி முதுகுக்குப் பின்னால் போனது. எனக்குத் தெரிந்த கணக்குப்படி அது பிழை. முப்பத்தைந்து வருடமாக நான் திருத்திக்கொண்டே வந்த பிழை. அதைக் கேட்டுக்கொண்டு கண் கலங்கி நின்றேன். நேரலையில் அந்த அலை கிடைக்காது, ஏனென்றால் மைக்குகளில் வருகிற குரல்களையெல்லாம் மிக்ஸரில் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள்.

குடியரசு தினம் என்பதால் கிறிஸ் மார்ட்டின் நம் ரகுமான் இசையமைத்த தேசபக்திப் பாட்டிலிருந்தும் கொஞ்சம் பாடினார். உச்சரிப்பு எப்படியிருந்தாலும் மனது நிறைந்தது. ஒரு கட்டத்தில் நால்வரும் மைதானத்தின் பின்பக்கச் சின்ன மேடைக்கு, எங்கள் பக்கமாக வந்து வாசித்தார்கள். கடைசி வரிசைக்காரர்களையும் மறக்காமல் தேடி வருவது நல்ல பழக்கம்.

எல்லோருக்கும் தூரத்திலிருந்தே எரிய வைக்கும் கைப்பட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். பாட்டுக்கேற்ப ஒரு லட்சம் மணிக்கட்டும் ஒரே நேரத்தில் நிறம் மாறும். முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த ஊருக்கு அதுவே போகும். எந்த ஊரில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்றுகூடத் திரையில் போடுவார்களாம். வயரை எண்ணிச் சுருட்டாமல் நான் ஒரு பந்தலையும் விட்டு வந்ததில்லை, அதனால் இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாமே என்றான் அக்கா மகன். கழற்றி வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அன்று மெட்ரோ நள்ளிரவு வரை ஓடியது பெரிய உதவி.

அன்றிரவு மகள் வீட்டில் நேரலையைத்தான் பார்த்தாள். ஊர் திரும்பியதும் கேட்டேன். "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. முகமெல்லாம் உங்களைவிட நான்தான் கிட்டத்துல பாத்திருப்பேன். ஆனா நீங்க சொல்ற அந்த அலை ஒண்ணும் எனக்குத் தெரியலையே" என்றாள். நேரலையை நான் குறை சொல்லவில்லை. நடக்க முடியாதவர்களுக்கும் வசதியில்லாதவர்களுக்கும் அது வரம். அது இருக்கிறதே என்பதற்காக, போனவர்களைப் பைத்தியம் என்று எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப் பெரிய நிகழ்ச்சிகள் வரும்போது டிக்கெட் விலையையும் வந்திருந்த பிரபலங்களையும் மட்டும் எழுதாமல், எந்த ரயில் போகிறது, முடிந்தபின் திரும்பிவர என்ன வண்டி இருக்கிறது என்பதையும் போடுங்கள். வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு அதுதான் முதல் கவலை. கூடவே காதைப் பற்றியும் எழுதுங்கள். இப்படிப்பட்ட அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்திருக்கிறது. நம் ஊர் மேடைகளில் அதை அளக்கும் மீட்டர்கூட யாரும் வைத்திருப்பதில்லை. நானும் இந்த வருடம்தான் வாங்கினேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குழந்தைகளை நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டிக் காதுக்குள் வைத்தாலே பெரும்பகுதி சத்தம் குறைந்துவிடும், கொஞ்சம் மங்கினாலும் பாட்டு கேட்கும். அன்று நான் அதை வைத்துக்கொண்டுதான் மூன்றாம் பாட்டு முதல் கேட்டேன். பஞ்சு வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், பஞ்சு போதாது.

இப்படிக்கு,
ஓர் ஒலிபெருக்கி நிலையக்காரர்