ஆறு மணி வெயிலில் வைட்டமின் டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்தில், வைட்டமின் டி கிடைக்கக் காலை ஆறு மணி இளவெயிலில் நடக்கச் சொல்லியிருந்தீர்கள். நானும் என் மகளைக் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வெயிலில்தான் காட்டினேன். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் அந்த நேரத்தில் இல்லையென்றே சொல்லலாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற வெயில்தான் அதற்கு வேண்டும். பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நான் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால், டியூப் லைட்டுக்குக் கீழே. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பல் டாக்டர். என் மகளுக்கு ஏழு வயது. ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பல் அவளுக்கு முளைக்கும்போதே பழுப்பாக, சாக்பீஸ் மாதிரி வந்தது. முறுக்கு கடித்ததில் ஓரம் உதிர்ந்தது. தண்ணீர் பட்டாலே கூசுகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ் படாமல் தேய்ப்பாள். நான் சாக்லேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரோ, "இது சொத்தையில் ஆரம்பித்ததில்லை, பல்லின் மேல் ஓடான எனாமலே கெட்டிப்படாமல் வந்திருக்கிறது" என்றார். பால் பல்லுக்கு எனாமல் வயிற்றில் நாலாம் மாதம் வாக்கிலேயே உருவாகத் தொடங்குமாம். இந்தக் கடைவாய்ப் பல்லுக்கு, பிள்ளை பிறக்கும் சமயத்தில். அப்போது சரியாக அமையாததை உடம்பு பிறகு திரும்பச் செய்துகொள்ளாது. அப்புறம் கேட்டார்: "மாசமாக இருந்தபோது கால்சியம் மாத்திரை போட்டீர்களா?"

போடவில்லை. மாத்திரை பெரிது, விழுங்கினால் குமட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு இதை அட்டை அட்டையாகப் பரணில் போட்டுவைத்தேன். அதில் கால்சியத்தோடு வைட்டமின் டி3 250 யூனிட்டும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் தின்கிற கால்சியத்தைக் குடல் சரியாக இழுத்துக்கொள்ளாது. போதாததற்கு, வெயிலில் நின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று மாமியார் வேறு. குழந்தைக்குத் தினம் 400 யூனிட் என்று எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தும் முதல் பாட்டிலோடு நின்றுபோனது.

டாக்டர் என்மேல் பழி போடவில்லை. சின்ன வயதில் வந்த கடும் காய்ச்சல் முதல் பல காரணங்கள் இருக்கலாம், இதனால்தான் என்று அறுதியிட முடியாது என்றார். சிமென்ட் வைத்து அடைத்து, ஃபுளோரைடு பூசி அனுப்பினார்.

சுகாதார நிலையத்தில் மாத்திரை தரும் நர்ஸ் அம்மாக்களுக்கு வேலை அதிகம், தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லலாம்: இது பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் சேர்த்து, இரும்பு மாத்திரையோடு போடாதே, சாப்பிட்டபின் போடு. கேட்டிருந்தால் நான் பரணில் போட்டிருக்க மாட்டேன். அதே சமயம் மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடுவதும் வேண்டாம். எங்கள் லைனில் ஒருத்தி, வாரத்துக்கு ஒன்று போடவேண்டிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டு, வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாள்.

எனக்கு மறுபடி ஐந்தாம் மாதம். இப்போது ஒரு ஷிப்ட்தான். மதியச் சோறு முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனி மொட்டை மாடியில் கால் மணி நேரம் நிற்கிறேன். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அடுத்த வாரமாவது அந்த ஆறு மணியைத் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்