மண்டபத்திலிருந்து கோத்தகிரிக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஏப்ரல் 15இல் விசைப்படகெல்லாம் கரையேறினால் ஜூன் 14 வரை பட்டறையில் நிமிர நேரம் இருக்காது, உனக்குத் தெரியாததா? மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன, இப்போதுதான் உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முட்டிவலி அப்படியே இருக்கிறது. அக்கா மகள் பிளஸ் டூ தேறிவிட்டாள். புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்தும் நீ இன்னும் வந்து பார்க்கவில்லை என்று தங்கச்சிமடத்துக்காரன் உன்னைத் திட்டுகிறான். அந்தப் புரோட்டாக் கணக்கையும் அவன் மறக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. பாக்ஸர் ஜாதி.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு இறால் பண்ணை மூடிக்கிடக்கிறது. யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். குளத்துக்குக் காவல் என்று குட்டியாக வாங்கி, மோட்டார் ரூம் வாசலில் சங்கிலியில் போட்டிருக்கிறார்கள். நஷ்டம் வந்தது, ஆட்களை அனுப்பினார்கள், கரண்டைத் துண்டித்தார்கள், நாயை அப்படியே விட்டுவிட்டார்கள். பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா தன் சோற்றில் பாதியைப் போட்டுத்தான் உயிர் நின்றிருக்கிறது. ராமநாதபுரத்துப் பையன்கள் சிலர் போய் மீட்டுவந்தார்கள். வளர்க்க ஆள் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். நாயை எந்நேரமும் கட்டியே போட்டு நடமாட விடாமல் வைத்திருப்பது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம். ஆனால் குட்டி விற்கிறவனும் சொல்வதில்லை, வாங்குகிறவனும் கேட்பதில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, மாப்ள.

வந்த அன்று எலும்பும் தோலும்தான். கழுத்தில் சங்கிலி உரசி ரோமமே இல்லை. சிமென்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கை இரண்டும் காய்த்திருந்தது. காதுக்குள் உண்ணி அப்பிக் கிடந்தது. சங்கிலியைக் கழற்றி முற்றத்தில் விட்டேன். ஓடும் என்று பார்த்தால், சங்கிலி எவ்வளவு நீளம் இருந்ததோ அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டு நடந்தது. திரும்பத் திரும்ப அதே வட்டம், அதே கால்தடத்தின் மேல். வேப்பமரத்து நிழல் நாலடி தள்ளித்தான் இருந்தது. அந்த நிழலுக்குப் போகலாம் என்பதே அதற்குத் தெரியவில்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து போய் ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து மரத்தடியில் வைத்து, “ராசா, இங்கே வாடா” என்றார். அன்றிலிருந்து பெயர் ராசா. நானும் ‘அது’ என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

ஆனால் வீட்டுக்குள் விட அம்மா சம்மதிக்கவில்லை. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைக்கிற பழமொழி உனக்கும் தெரியும். காலையும் மாலையும் அதைத்தான் சொன்னார். அவனுக்கும் உள்ளே வரப் பயம். நிலைப்படியில் முன்னங்காலை வைப்பான், எடுப்பான். சீலிங் ஃபேன் சுற்றினால் வயிறு தரையோடு ஒட்டிவிடும். குக்கர் விசில் அடித்தால் ஒரே பாய்ச்சலில் கொல்லைக்குப் போய்விடுவான். நமக்குப் பழகிப்போன வழவழப்பான தரையில் அவன் கால் நாலு பக்கமும் வழுக்கியது. அதனால் பட்டறையிலிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து, வாசலிலிருந்து கூடம் வரை வரிசையாகப் போட்டேன். அந்தச் சாக்கு மேலேயே காலை வைத்துத்தான் வீட்டுக்குள் வந்தான். சாக்கு முடிகிற இடத்தில் நின்றுவிடுவான். நாளுக்கு ஒன்றாகத் தள்ளிப் போட்டு, கடைசியில் என் கட்டில் வரை வந்தாயிற்று.

உள்ளே ஒன்றுக்குப் போவதுதான் பெரிய பாடாக இருந்தது. அவன் வீடே பார்த்ததில்லை, கூடமும் கொல்லையும் அவனுக்கு ஒன்றுதான். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி நின்றதும் வெளியே கூட்டிப்போக வேண்டும். வெளியே போனால் தட்டிக்கொடுக்க வேண்டும், உள்ளே போனால் ஒன்றும் சொல்லாமல் துடைக்க வேண்டும். திட்டினால் நம் கண்ணுக்கு மறைந்து போகக் கற்றுக்கொள்ளுமே தவிர நிறுத்தாது. தண்ணீரில் வினிகர் கலந்து வாடை போகத் துடைத்தால் அதே இடத்துக்குத் திரும்ப வருவது குறைகிறது. சாப்பாடு இரண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. சோறும் கோழியும்தான், சில நாள் முள் எடுத்த சாளை. சாளை என்றால் ஒழுகுகிற எச்சிலில் கூடமே நனைந்துவிடும்.

இப்போது பார்க்க வேண்டும் நீ. வால் கிடையாது, குட்டியிலேயே வெட்டியிருக்கிறார்கள். சந்தோஷம் வந்தால் உடம்பையே வில்லாக வளைத்து, மூக்கும் பின்புறமும் முட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டு வருகிறான். கடற்கரையில் நண்டைப் பார்த்தால் வாயால் பிடிப்பதில்லை, இரண்டு முன்னங்கையாலும் குத்துகிறான். இந்த ஜாதிக்கே அந்தக் கைப்பழக்கம் உண்டு. இரவில் விடுகிற குறட்டைக்கு அடுத்த வீட்டுக்காரர் நான்தான் என்று நினைத்து நலம் விசாரித்தார். பழமொழி சொன்ன அம்மா இப்போது தன் பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டில் பக்கத்தில் போட்டிருக்கிறார்.

இதோடு முடிந்தால் சந்தோஷமாக முடித்திருப்பேன். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. காற்று அசையவில்லை. ராசா இரைக்க ஆரம்பித்தான், நிற்கவே இல்லை. நாக்கு அகலமாகத் தொங்கியது. ஓரம் சிவப்பிலிருந்து நீலமாக மாறுவதை என் கண்ணால் பார்த்தேன். முன்னங்காலை அகற்றி வைத்து நின்றவன் அப்படியே சரிந்தான். கொல்லைக்குத் தூக்கிப் போய், குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் விட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா முறத்தால் விசிறினார். இரைப்பு அடங்க மத்தியானமே முடிந்துவிட்டது. மாப்ள, அன்று அவன் கண்ணைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைக்கும்போது நாக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் காய்ந்தால்தான் சூடு இறங்கும். பாக்ஸருக்கோ மூக்கு அமுங்கிய மூக்கு, காற்று போகிற வழியே குறைவு. அதோடு நம் கடலோரக் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது, நாக்கு எங்கே காயும்? ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய ஜாதி. அதைப் பனையும் சீமைக்கருவேலும் தவிர நிழல் இல்லாத இந்தக் கரையில் கொண்டுவந்து கட்டிப்போட்டிருக்கிறார்கள். இப்போது விடியுமுன்னும் இருட்டிய பிறகும்தான் வெளியே கூட்டிப்போகிறேன். பகல் மணலில் பாதம் வெந்துவிடும். கச்சான் காற்று வீசுவதால் இப்போதைக்குச் சமாளிக்கிறோம். அடுத்த சித்திரையை இவன் இங்கே தாண்டுவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி. மணி போனதோடு இனி நாயே வேண்டாம் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அன்று உன்னோடு குழி வெட்டியவன் நான். மணியின் இடத்துக்கு இவனை அனுப்பவில்லை. உன் ஊர்க் குளிரில் இவன் மூச்சு சிரமமில்லாமல் ஓடும், எனக்கு வேண்டியது அதுதான். வளர்க்க வேறு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் பரமக்குடி, மொட்டைமாடியில் கூண்டு கட்டித் தருகிறாராம். இன்னொருவருக்குத் தோப்புக் காவலுக்கு வேண்டுமாம். இரண்டு பேருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். உண்ணிக் காய்ச்சல் இருந்தது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. அதற்கு டாக்ஸிசைக்ளின் மருந்து நாலு வாரம் கொடுத்து, இப்போது ரத்தப் பரிசோதனை சரியாக வந்திருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை எல்லாம் முடிந்தது. பாக்ஸருக்குப் பரம்பரையாக இதயத் துடிப்பு தவறுகிற நோயும், தோலில் கட்டியும் வரக்கூடும். இவனுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும், திடீரென்று மயங்கினால் அலட்சியமாக விடக்கூடாது. குளிரும் இவனுக்கு ரொம்ப ஆகாது, ரோமம் குட்டை. மார்கழியில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். உங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் இருட்டினால் கதவுக்கு உள்ளேதான் படுக்க வேண்டும். அதைத்தான் இத்தனை நாளும் அவனுக்குப் பழக்கியிருக்கிறேன். இப்போது கதவைச் சாத்தினால் பதறுவதில்லை, தன் சேலையில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அழுவார், ஆனால் அந்த மத்தியானத்தைப் பார்த்தவர், அனுப்பிவிடுவார். எனக்கும் இவன் இல்லாத கூடத்தை நினைக்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் இங்கே வைத்துக்கொள்வது என் ஆசைக்குத்தான், அவனுக்கு நல்லதில்லை.

தங்கச்சியிடம் கேட்டுவிட்டு எழுது. வேண்டாம் என்றாலும் எழுது, எனக்கு வருத்தமில்லை. சரி என்றால் நானே காரில் கொண்டுவருகிறேன். ரயிலில் கார்டு பெட்டியோடு இருக்கும் கூண்டில் போட்டு அனுப்ப மாட்டேன், அந்தப் புழுக்கம் இவனுக்கு ஆகாது. மயக்க மருந்தும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாயங்காலம் கிளம்பி ராத்திரியோடு மதுரையும் திண்டுக்கலும் தாண்டினால் வெயில் ஏறுமுன் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். ஒரு வாரம் உன் வீட்டில் தங்கி, அவன் படுக்கிற இடம் பழகியதும் திரும்புகிறேன். உன் வீட்டுத் தரை வழுக்குமா என்று மட்டும் மறக்காமல் சொல். எத்தனை சாக்கு கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பார்க்கிறேன். தடுப்பூசி அட்டையின் நகல் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் சேக்காளி