பூட்டைக் கழற்றியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடலை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். யாரையாவது விட்டுவிடுவோமோ என்ற தயக்கம்தான் காரணம். இனியும் தள்ளினால் சிலர் காதுக்கு நன்றி போய்ச் சேராமலே போய்விடும். ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டார், இன்னொருவருக்கு உடம்பு முன்போல் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் உங்களில் யார் பெயரும் இதில் வராது. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

நம் நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு நான் பொறுப்பேற்ற அன்று என் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். அதில் ஒரு சாவி கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்கு. இருந்ததிலேயே நல்ல படப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பிள்ளைகள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள், அப்புறம் போய்விடுவார்கள். திறந்து தாருங்கள் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. நானும் முதல் சில மாதங்கள் அந்தப் பூட்டில் கை வைக்கவில்லை. ஒன்று கிழிந்தாலும் இருப்புக் கணக்கில் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்ற பயம் எனக்கு. பிள்ளைகளுக்கு இருந்தது வேறு பயம். அது எனக்குப் புரியவே ஒரு பையன் காணாமல் போக வேண்டியிருந்தது.

வாராவாரம் தவறாமல் வருகிறவன். தொடர் கதை ஒன்றின் முதல் பாகத்தை எடுத்துப் போனான், அதோடு வருவதை நிறுத்திவிட்டான். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். அவன் அக்காவைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மழையில் வீட்டுக் கூரை ஒழுகிப் புத்தகம் நனைந்துவிட்டது, அபராதம் கேட்பார்கள், அம்மாவுக்குத் தெரிந்தால் இன்னும் கஷ்டம் என்று அதை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, புத்தகத்தோடு சேர்த்து நூலகத்தையும் விட்டுவிட்டான். பத்து வயதுப் பிள்ளை தலையில் கடன்காரன் என்ற எண்ணத்தை ஏற்றி வைத்தது நம் நூலகம்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் நன்றி சொல்ல வேண்டிய எல்லோரும் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

முதலில் தச்சர் அண்ணனுக்கு. நீங்கள் ஒரு கீலைச் சரிசெய்ய வந்தீர்கள். வேலையை ஆரம்பிக்காமல், அறை நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த அலமாரியெல்லாம் யாருக்கு, இங்கேயிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையே" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. அலமாரிகளின் கால்களை அறுத்தீர்கள், மேல் தட்டுகளை எடுத்து இரண்டு பெஞ்சு செய்தீர்கள், புத்தகங்களின் முதுகு தெரியும்படி அடுக்கியிருந்ததை மாற்றி அட்டைப்படம் முன்னால் தெரியும்படி சரிவான தட்டு போட்டுத் தந்தீர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு முதுகைப் பார்த்து எப்படிப் புத்தகம் தேர்ந்தெடுக்கத் தெரியும்? நூலகப் படிப்பு படித்த நான் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கடைசியில் பீரோவின் கண்ணாடிக் கதவுகளையும் கழற்றி, பூட்டைத் தனியாக எடுத்து என் மேசைமேல் வைத்தீர்கள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது, தாள் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரஃபோர்டு பேராலய நூலகத்தில் அந்தச் சங்கிலிகள் இன்னமும் அப்படியே இருக்கின்றன. நம் நாட்டு நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதியபோது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்ற முதல் விதியை விளக்க அந்தச் சங்கிலியிலிருந்துதான் ஆரம்பித்தார். தேர்வுக்காக எத்தனை தடவை அந்த விதியை எழுதியிருக்கிறேன்! ஆனால் ஸ்க்ரூடிரைவரோடு ஒருவர் வந்து நிற்கிறவரை என் அறையில் இருந்த சங்கிலி என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு. உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். பள்ளி விட்டு வரும் பெண் பிள்ளைகள் பலர் இடுப்பில் ஒரு தம்பியையோ தங்கையையோ வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் சின்னதைப் பார்த்துக்கொள்வது மூத்ததின் பொறுப்பு. கைக்குழந்தைகளை உள்ளே விடக்கூடாது என்று வாசலில் ஒரு பலகை இருந்தது, அதனால் அந்தப் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். குழந்தை தரையை அசிங்கம் பண்ணிவிட்டால் யார் துடைப்பது என்று பேச்சு வந்தபோது, "நான்தானே துடைக்கிறேன், நான் சொல்கிறேன், உள்ளே வரட்டும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மறுநாள் உங்கள் வீட்டிலிருந்தே ஒரு பாயைக் கொண்டுவந்து மூலையில் விரித்தீர்கள். அந்தப் பாய்தான் இன்று நம் மழலையர் மூலை. அதில் தவழ்ந்த குழந்தைகளில் சிலர் இப்போது தங்கள் கையால் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். அந்தப் பலகை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

புத்தகம் கொடுத்தவர்களுக்கு நன்றி. நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியபோதும் கோபித்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பழைய பாடத்திட்டத்தின் வழிகாட்டி நூல்கள், பாதிக் கேள்விகளுக்குப் பேனாவால் விடை எழுதிய பயிற்சி ஏடுகள், பூஞ்சை பிடித்த கலைக்களஞ்சியம், காலாவதியான கணினிப் புத்தகம் என்று மூட்டை மூட்டையாக வரும். இல்லாத பிள்ளைகள்தானே, எது கிடைத்தாலும் படிக்கட்டும் என்ற நினைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. நல்ல மனதோடு செய்வதுதான், ஆனாலும் எனக்கு வலிக்கும். பூஞ்சை பிடித்த ஒரு புத்தகம் பக்கத்தில் இருக்கிற நல்ல புத்தகங்களையும் கெடுத்துவிடும். தவறான தகவல் உள்ள அறிவியல் புத்தகம் அதைவிட மோசம்.

இதை நான் சொன்னதும் முகம் வாடித் திரும்பிப் போன ஒரு அம்மா, அடுத்த வாரமே வந்து "அப்படியென்றால் அவர்களுக்கு என்ன வேண்டும், அவர்களையே கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். பிள்ளைகள் எழுதித் தந்த பட்டியலை அவரிடம் அப்படியே கொடுத்தேன். டைனோசர், லாரி எப்படி ஓடுகிறது, பேய், குழந்தை எங்கிருந்து வருகிறது, மறுபடியும் டைனோசர். அதில் பேயைக்கூட விடாமல் எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கித் தந்தார். யாரும் திறக்காத ஒரு புத்தகத்தை முதல் ஆளாகத் திறக்கிற அனுபவம் அதற்கு முன் அங்கே எந்தப் பிள்ளைக்கும் கிடைத்ததில்லை. ஒரு சிறுமி கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துவிட்டு அட்டையைத் திருப்பியது என் கண்ணிலேயே நிற்கிறது. பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்குகிற தூயி பகுப்பில் டைனோசருக்கான எண் 567.9. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த எண் மனப்பாடம், நேரே அந்தத் தட்டுக்குத்தான் ஓடுவார்கள். எண் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு புத்தகத்திலும் வண்ணச் சீட்டு ஒட்டிய கல்லூரி மாணவர்களே, உங்கள் விரல் வலிக்கும் சேர்த்து நன்றி.

அடுத்து அபராதம். இதுதான் இருந்ததிலேயே கடினம், ஏனென்றால் இதை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. நூலகக் குழுவிடம் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் நடக்கவில்லை. அபராதம் இல்லாவிட்டால் யாரும் புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டார்கள் என்றார்கள். அலுவலகத்தில் கோப்பு எழுதுகிற தம்பி, மூன்றாவது முறைக்கு நீ எனக்குத் துணையாக உட்கார்ந்து தேடி எடுத்துத் தந்தவைதான் வழி திறந்தன. தாமத அபராதம் என்பது சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் 2019 ஜனவரியில் தீர்மானம் போட்டது, அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோ பொது நூலகம் தாமத அபராதத்தைக் கைவிட்டது, கைவிட்ட சில வாரங்களிலேயே அங்கே திரும்பி வந்த புத்தகங்கள் கூடின, 2021 அக்டோபரில் நியூயார்க் நகரத்தின் மூன்று பொது நூலக அமைப்புகளும் அதே வழிக்கு வந்தன என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தாய். குழுவில் கடுமையாக எதிர்த்துப் பேசிவந்த பெரியவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு, நனைந்த புத்தகத்தை ஒளித்து வைத்த பையனைப் பற்றி என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "சரி, ஒரு வருடம் பார்ப்போம்" என்றார். ஐயா, அந்த ஒரு வருடம் முடிந்து அடுத்ததும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணத்தை மாற்றிக்கொண்டதை நாலு பேர் முன்னால் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

காப்புத் தொகையும் ஜாமீன் கையெழுத்தும் அதோடு போயின. முகவரிச் சான்று கேட்டால், அடிக்கடி வீடு மாறுகிற குடும்பத்துப் பிள்ளை எதைக் காட்டும்? இப்போது ஒரு பெரிய நோட்டு இருக்கிறது, அதில் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் அட்டை கிடைத்துவிடும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் முன்பே நியூயார்க் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவை நடத்திய ஆன் கேரல் மூர், புத்தகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்வேன் என்று பிள்ளைகளே கையெழுத்துப் போடுகிற பெரிய பதிவேட்டை வைத்திருந்தார். கையெழுத்துப் போடுவதற்காகவே பெயர் எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எங்களிடமும் உண்டு.

கதை சொல்ல வந்தவர்களை எப்படி மறப்பேன்? ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா, தொண்டை கட்டிய நாளில்கூட வராமல் இருந்ததில்லை நீங்கள். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகள் கதை நேரத்தில் பேசாமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்குப் புரா பெல்ப்ரே ஞாபகம் வந்தார். போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்து 1921இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நூலகக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தவர். தான் சின்ன வயதில் கேட்ட கதை ஒன்றுகூட அங்கே தட்டில் இல்லை என்று கண்டு, பொம்மைகளை வைத்துக்கொண்டு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கதை சொல்ல ஆரம்பித்தார். அதைப் படித்த தைரியத்தில்தான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தாத்தாவை அவர் மொழியிலேயே கதை சொல்லக் கூப்பிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்கினீர்கள் தாத்தா. நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் பேத்தி வரிக்கு வரி எங்களுக்கு மாற்றிச் சொன்னாள். அதுவரை அவள் குரலை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குப் பிறகு அவள் பின்வரிசையில் உட்காரவில்லை.

எழுத்தே இல்லாத படப் புத்தகத்தை எடுத்துப் போய், ராத்திரி ஒரு கதை, மறுநாள் அதே படங்களுக்கு இன்னொரு கதை என்று பிள்ளைக்குச் சொன்ன அம்மாவுக்கும் நன்றி. தனக்கும் ஒரு அட்டை கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்களே, அந்த அட்டையை எழுதிக் கொடுத்தபோது என் கைதான் நடுங்கியது.

கிழிந்ததை ஒட்டித் தருகிற சனிக்கிழமைக் குழுவுக்கு ஒரு நன்றியும் ஒரு வேண்டுகோளும். செல்லோடேப் மட்டும் வேண்டாம், அது மஞ்சளாகி, பசை கசிந்து தாளையே தின்றுவிடும். வெள்ளைப் பசையும் மெல்லிய தாளும் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாக இன்னொருவர். அபராதம் போனதும் வாசலுக்கு வெளியே ஒரு பெட்டி வைத்தோம். எவ்வளவு பழைய புத்தகமானாலும் போடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்று அதில் எழுதியிருந்தோம். அட்டை இல்லாதது, கிறுக்கியது, பாதிப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாக வந்தது. போன வாரம் காலையில் திறந்தபோது, துணியில் சுற்றிய ஒரு புத்தகம் கிடந்தது. பக்கங்கள் நனைந்து ஊதிக் காய்ந்திருந்தன, தேதிச் சீட்டில் மை பரவியிருந்தது. இருந்தாலும் வாசிக்க முடிந்தது.

தம்பி, அதைத் தூக்கிப் போடாமல் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி. உன் அட்டை இன்னும் செல்லும். இரண்டாம் பாகம் வந்துவிட்டது, உன் பெயர் எழுதி என் மேசையில், அந்தப் பழைய பூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குழந்தைகள் பிரிவு நூலகர்