கெய்ரோவும் போஸ்ட்ஸ்கிரிப்டும்: 'பெயர்தான் வேறு'

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ்க் கட்டுரையில் 'போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்குக் கெய்ரோ புதிதல்ல, கட்டளைகளின் பெயர்தான் வேறு' என்று ஒரு வரி. முன்னது அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கும் நிரல்மொழி; பின்னது நிரல்கள் படம் வரையப் பயன்படுத்தும் நூலகம். எழுதியவர் இரண்டிலும் ஒரு கட்டமாவது போட்டுப் பார்த்தாரா என்று கேட்க மாட்டேன், மரியாதையில்லை.

கட்டத்துக்குள் வண்ணம் நிரப்பி ஓரக்கோடு போட, போஸ்ட்ஸ்கிரிப்டில் ஜிசேவ் (நிலையைச் சேமி), ஃபில் (நிரப்பு), ஜிரெஸ்டோர் (சேமித்ததை மீட்டெடு), ஸ்ட்ரோக் (கோடிடு) என்று எழுதுவோம். ஃபில் பாதையை, அதாவது கட்டத்தின் வெளிவரையை, அழித்துவிடும்; ஜிரெஸ்டோர் மீட்டுத் தரும். பெயரை மட்டும் மாற்றிக் கெய்ரோவில் இதையே எழுதினால் வண்ணம் வரும், கோடு வராது. பிழைச்செய்தியும் வராது. கெய்ரோவின் சேவ் பாதையைச் சேமிப்பதில்லை. அங்கே பாதையை அழிக்காமல் நிரப்பும் ஃபில்_பிரிசர்வ் வேண்டும். கோட்டின் தடிமனும், நாம் சொல்லாவிட்டால், 1 அல்ல, 2. சுழற்றும் கட்டளையான ரொட்டேட்டுக்கு 90 என்று கொடுத்தால், அதைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் போல டிகிரியாக அல்லாமல் ரேடியனாக எடுத்துக்கொண்டு, படம் சுமார் 117 டிகிரியில் போய் நிற்கும். தொடக்கப்புள்ளி போஸ்ட்ஸ்கிரிப்டில் கீழ் இடது மூலை, கெய்ரோவில் மேல் இடது மூலை என்பது தாங்கள் அறியாததல்ல.

ஒளிபுகும் வண்ணம் போஸ்ட்ஸ்கிரிப்டில் 1997இன் மூன்றாம் பதிப்பில்கூடக் கிடையாது. எழுத்தின் மேல் பாதி ஒளிபுகும் பட்டை ஒன்றைக் கெய்ரோவில் போட்டுப் போஸ்ட்ஸ்கிரிப்டாக எடுத்தால், அந்த இடத்தை மட்டும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக்கி ஒட்டிவிடும். 2400 டிபிஐ அச்சு ஃபிலிமில் அங்கே மட்டும் எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும்.

இது முதல் முறையென்றால் எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒரு மாதிரி போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலை, முதல் வரியின் விழுக்காட்டுக் குறியையும் ஆச்சரியக்குறியையும் அழகு கருதி நீக்கி வெளியிட்டீர்கள். அவை இல்லாவிட்டால் பல அச்சுப்பொறிகள் படத்துக்குப் பதில் நிரலையே பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளும். இன்னொரு முறை, கெய்ரோவில் எழுத்துப் போடும் கட்டளையைப் பற்றி, 'தமிழுக்கு ஷோ_டெக்ஸ்ட் போதும்' என்றீர்கள். கெய்ரோவின் ஆவணமே அதைப் பொம்மை என்கிறது. யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால் இருக்கும் கொம்பை அது முன்னால் கொண்டுவராது. 'கெய்ரோ' என்ற சொல்லையே அதனால் ஒழுங்காக எழுத முடியாது, ஐயா! அதற்கு எழுத்துகளைச் சரியாகக் கோத்து அடுக்கும் பாங்கோ என்ற நூலகம் வேண்டும்.

அடுத்த இதழில் ஃபில்_பிரிசர்வ் பற்றி ஒரே ஒரு வரித் திருத்தம் போடுங்கள். விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்